எட்டு வோல்ட்டின் பொறுப்பு

ராயபுரத்தில் என் பட்டறைக்கு வரும், ரிமோட்டில் பறக்கும் பெரிய ஆர்.சி. ஹெலிகாப்டர்களில் முக்கால்வாசி விழுந்து நொறுங்கிய பிறகுதான் வரும். வால் குழாய் மடங்கியிருக்கும், பிளேடு சிதறியிருக்கும், மூக்கு நசுங்கியிருக்கும். கார் டிக்கியிலிருந்து அதைத் தூக்கி மேசையில் வைத்ததும் கொண்டுவந்தவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "சிக்னல் போச்சுண்ணே." நான் ரேடியோ பக்கம் போகமாட்டேன். ரேடியோ கட்டளையை வாங்கும் ரிசீவருக்கும், அதன்படி பிளேடின் கோணத்தைத் திருப்பும் சிறு மோட்டார்களான சர்வோக்களுக்கும் மின்சாரம் வரும் வழியைப் பிளக் பிளக்காகத் தொட்டுப் பார்ப்பேன். சிக்னல் போனதாகச் சொல்லப்பட்ட கேஸ்களில் மிகப் பலவற்றில் சிக்னல் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்திருக்கும். அதை வாங்கவேண்டிய ரிசீவர்தான் அந்த நொடியில் உயிரோடு இருந்திருக்காது.

இந்த இயந்திரங்களைப் பொம்மை என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு சொல்கிறேன். 700 வகுப்பு என்று நாங்கள் அழைக்கும் ஹெலிகாப்டரில் ஒரு பிளேடின் நீளம் ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். இரண்டு பிளேடும் சுற்றும் வட்டத்தின் விட்டம் ஒன்றரை மீட்டருக்கு மேல். பேட்டரியோடு எடை சுமார் 5 கிலோ. நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது பிளேடின் நுனி மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பூங்காவில் தன் ரிமோட் ஹெலிகாப்டரின் பிளேடு பட்டு 19 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். பறக்கவிடப் போகிறேன் என்று புதிதாக வரும் யாருக்கும் நான் அந்தச் செய்தியைச் சொல்லாமல் விடுவதில்லை.

விசிறியைச் சுற்றுவது 12 செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, சுருக்கமாக லிப்போ. ஆறு செல் கட்டுகள் இரண்டை வரிசையில் இணைத்தால் 44.4 வோல்ட், முழுச் சார்ஜில் 50.4 வோல்ட். 5,000 மில்லியாம்பியர் மணி கொள்ளளவில் எண்பது சதவீதத்தை ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடுவார்கள். அப்படியென்றால் சராசரியாக 48 ஆம்பியர், இரண்டு கிலோவாட்டுக்கு மேல். அதே ஐந்து நிமிடத்தில் ரிசீவர், ஆட்டத்தை உணர்ந்து திருத்தும் கைரோ, நான்கு சர்வோ எல்லாம் சேர்ந்து சராசரியாக எடுப்பது பதினைந்து இருபது வாட். மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. வாங்குபவர்கள் காசையும் கவனத்தையும் அந்த இரண்டு கிலோவாட்டின் மேல் கொட்டுகிறார்கள். ஹெலிகாப்டர் வீடு திரும்புமா என்பதைத் தீர்மானிப்பது இந்தப் பதினைந்து வாட்தான்.

எனக்கு இந்தப் பார்வை வந்தது கப்பலில். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் ஒப்பந்தக்காரரிடம் எலக்ட்ரீஷியனாகத்தான் தொழில் தொடங்கினேன். கல்மண்டபத்திலிருந்து நடந்தே வேலைக்குப் போவேன். கப்பலில் என் மேஸ்திரி முதலில் என்னை அழைத்துப்போனது மெயின் இன்ஜின் அறைக்கு இல்லை. மேல் தளத்தில் தனியாக ஒதுங்கிக் கிடக்கும் எமர்ஜென்சி ஜெனரேட்டர் அறைக்கும் அதை ஒட்டிய பேட்டரி அறைக்கும்தான். "கீழ எல்லாம் செத்தாலும் இது நிக்கணும் நைனா. அதான் இத்த மேல வச்சிருக்கான்" என்றார். இன்ஜின் அறையில் தண்ணீர் புகுந்தாலும் தீப்பிடித்தாலும் மேலே இருப்பது வேலை செய்யவேண்டும். அதன் எண்ணெய் தனி, சுவிட்ச்போர்டு தனி, அதைக் கிளப்பும் ஏற்பாடும் தனி. சோலாஸ் எனப்படும் உலகக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தப்படி, பெரிய கப்பலின் சுக்கானைத் திருப்பும் ஸ்டியரிங் கியருக்கு, முதன்மை மின்சாரம் போன 45 நொடிக்குள் மாற்று மின்சாரம் தானாக வந்து சேரவேண்டும். ஓடும் சக்தியும் திரும்பும் சக்தியும் ஒன்றாகச் சாகக் கூடாது என்பது அந்த விதியின் உயிர்.

அந்த விதியாலும் காப்பாற்றமுடியாமல் போன நாள் 2024 மார்ச் 26. அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து கிளம்பிய 'டாலி' என்ற கன்டெய்னர் கப்பலில் அடுத்தடுத்து மின்சாரம் போனது. சுக்கான் கட்டுப்பாடு இழந்த கப்பல் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலத்தின் மேல் சாலை வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். மாலுமிகள் 21 பேரில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். அதனால் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கப்பலில் வேலை பார்ப்பவர் இருக்கும் வீடுகளில் அன்று டிவி அணையவில்லை. விசாரணை முடிவில் முதல் இருட்டுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு தளர்ந்த கம்பி. கம்பியின் முனையில் பெயர் எழுதிச் சுற்றிய லேபிள் பட்டை சற்றுத் தள்ளி உட்கார்ந்ததால், அது டெர்மினலுக்குள் முழுதாக இறங்கவில்லை. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹெலிகாப்டரில் சர்வோ பிளக்கை உள்ளே தள்ளியபின் நான் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது பழைய பழக்கம். இப்போது அதைப் பட்டறையில் எல்லாப் பையன்களுக்கும் கட்டாயமாக்கிவிட்டேன்.

ஹெலிகாப்டரில் இந்தப் பிரிவினை இன்னும் கூர்மையானது. விசிறி மோட்டார் வானத்தில் நின்றுபோனாலும் நல்ல பைலட் அதை இறக்கிவிடுவார். பிளேடின் கோணத்தைச் சட்டென்று எதிர்ப்பக்கம் குறைத்தால், இறங்கும் வேகத்தில் கீழிருந்து வரும் காற்றே விசிறியைச் சுற்றிக்கொண்டிருக்கும். தரையை நெருங்கும்போது சுழற்சியில் சேர்ந்திருக்கும் சக்தியைச் செலவழித்துக் கோணத்தைக் கூட்டினால் மெதுவாக உட்காரும். ஆட்டோரொட்டேஷன் என்பார்கள். அதற்கு மோட்டார் வேண்டாம். பிளேடின் கோணத்தை மாற்ற மூன்று சர்வோ வேண்டும், வாலைப் பிடிக்க ஒரு சர்வோ வேண்டும், கைரோவும் ரிசீவரும் வேண்டும். இவற்றுக்குப் போகும் எட்டு வோல்ட் இருந்தால் 44 வோல்ட் இல்லாமலும் ஹெலிகாப்டர் பிழைக்கும். எட்டு வோல்ட் போனால் 44 வோல்ட் இருப்பது ஆபத்தைத்தான் கூட்டும். கட்டுப்பாடு இல்லாத இரண்டு கிலோவாட் எங்கே போகும் என்று யாராலும் சொல்லமுடியாது.

நான் இந்த ஹெலிகாப்டர் வேலைக்கு வந்தபோது எல்லாரும் ரிசீவரை நிக்கல் காட்மியம் அல்லது நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் செல் நான்கைச் சேர்த்து 4.8 வோல்ட்டில் ஓட்டினார்கள். ஐந்து செல் போட்டால் 6 வோல்ட். பெட்ரோல், நைட்ரோ எந்திரங்களில் வேறு வழியும் இல்லை. மின் ஹெலிகாப்டர் வந்ததும், பெரிய பேட்டரி கூடவே இருக்கும்போது சின்னப் பேட்டரி எதற்கு என்ற யோசனை வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் பி.இ.சி. பெரிய பேட்டரியின் வோல்ட்டைக் குறைத்து ரிசீவருக்குக் கொடுக்கும் சிறு சுற்று அது. பெரும்பாலும் மோட்டாரை ஓட்டும் இ.எஸ்.சி.யின் உள்ளேயே இருக்கும்.

சின்ன ஹெலிகாப்டருக்கு அது அருமையான ஏற்பாடு. அங்கே 11 வோல்ட்டை 5 ஆக்கவேண்டும், அவ்வளவுதான். 44 வோல்ட்டைப் பழைய லீனியர் முறையில் 5 ஆக்கினால் மீதி 39 வோல்ட்டும் சூடாகத்தான் போகவேண்டும். மூன்று ஆம்பியருக்கு அது 117 வாட். சால்டரிங் அயர்னையே உள்ளே வைத்துப் பறப்பதாகிவிடும். ஆகவே பெரிய எந்திரத்தில் ஸ்விட்சிங் முறை வந்தது. நொடிக்கு லட்சக்கணக்கான தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுத்து வோல்ட்டைக் குறைக்கும். சூடு குறைவு, எடை குறைவு. நல்ல கம்பெனிகள் இன்று கொடுக்கும் ஸ்விட்சிங் பி.இ.சி.கள் பத்து, இருபது ஆம்பியர் உச்சத்தையும் தாங்குகின்றன. இருந்தும் 12 செல் எந்திரத்தில் பி.இ.சி.யை மட்டும் நம்பி ஒன்றை நான் என் கையால் கட்டிக் கொடுக்கமாட்டேன். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

மின்சாரம் நின்றுபோவது ஒரு வகைச் சாவு. அதைவிடக் கொடுமையான இன்னொன்று உண்டு. ஸ்விட்சிங் சுற்றில் மின்சாரத்தை வெட்டும் சுவிட்சான மாஸ்ஃபெட் ஷார்ட்டாகிவிட்டால் 44 வோல்ட் அப்படியே சர்வோ கம்பியில் இறங்கும். ரிசீவர், கைரோ, நான்கு சர்வோ எல்லாம் அந்த நொடியிலேயே கருகும். அப்போது பக்கத்தில் காப்புப் பேட்டரி வைத்திருந்தாலும் பயனில்லை, காப்பாற்ற எதுவும் மிச்சமிருக்காது. அதனால்தான் இ.எஸ்.சி.யில் பி.இ.சி.யே இல்லாத, சிக்னலைக்கூட ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டோ வகை எனக்குப் பிடிக்கும். அதில் 44 வோல்ட் பக்கத்துக்கும் 8 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே உலோகத் தொடர்பே கிடையாது. ஒரு பக்கம் எரிந்தால் மறுபக்கத்துக்கு அது தெரியக்கூடாது.

அடுத்தது சர்வோவே திருப்பி அனுப்பும் மின்சாரம். வேகமாகத் திரும்பும் டிஜிட்டல் சர்வோ சட்டென்று நிற்கும்போது அதன் மோட்டார் ஒரு நொடித்துளி ஜெனரேட்டராகி மின்சாரத்தை வந்த வழியே தள்ளும். பேட்டரி நேரடியாக இருந்தால் அதை விழுங்கிக்கொள்ளும். பி.இ.சி. கொடுக்கத்தான் கற்றது, வாங்கக் கற்றதில்லை. வோல்ட் மேலே எகிறும். சில வகைகள் தங்களைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். விசிறியை நிலைநிறுத்திய ஃப்ளைபார் என்ற தண்டு போய் மூன்றச்சுக் கைரோ வந்த பிறகு இந்தத் தொல்லை கூடியது. கைரோ ஓய்வில்லாமல் சர்வோவை அசைத்துக்கொண்டே இருக்கும், விசிறியின் பாரத்தையெல்லாம் சர்வோவே நேரடியாகத் தாங்கவேண்டும். பெரிய சர்வோ ஒன்றை முழுதாகத் தடுத்துப் பிடித்தால் தனியாக 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் வகைகள் உண்டு. நான்கும் ஒரே கணத்தில் கேட்டால் 20 ஆம்பியரைத் தாண்டும். அது நீடிப்பது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. ரிசீவர் மயங்க அது போதும்.

பழைய படிகம் போட்ட ரேடியோ இந்த மயக்கத்திலிருந்து வோல்ட் திரும்பியதும் உடனே எழுந்துகொண்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவருக்குள் இருப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். வோல்ட் மூன்றரை அளவுக்குக் கீழே போனால் அது அணைந்து மறுபடி தொடக்கத்திலிருந்து கிளம்பும். ஆரம்ப காலத்து ரிசீவர்கள் பல, டிரான்ஸ்மிட்டரைத் திரும்பத் தேடிப் பிடிக்கச் சில நொடி எடுத்தன. பின்னால் வந்தவை விரைவாக எழுகின்றன. ஆனால் கைரோ? அது தொடங்கும்போது அசையாமல் தரையில் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும். தலைகீழாகச் சுழன்று விழும் ஹெலிகாப்டரில் அது எங்கே அசையாமல் இருப்பது?

இப்போது எனக்கு மிகப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன், அளப்பது. "மீட்டர்ல 8 வோல்ட் காட்டுதுண்ணே, எப்படிப் பத்தாம போகும்?" என்று கேட்பார்கள். சும்மா நிற்கும்போது எட்டு காட்டுவது எந்தச் சான்றும் இல்லை. சாதாரண மல்ட்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணைப் புதுப்பிக்கும். 20 மில்லி நொடிப் பள்ளம் அதன் கண்ணில் படாது. பறக்கும்போதே அளவைக் கீழே அனுப்பும் டெலிமெட்ரியும் பெரும்பாலும் அப்படியே. எனவே மோட்டாரின் மூன்று கம்பிகளையும் கழற்றிவிட்டு, பிளேடுகளை எடுத்துவிட்டு, வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் முனையை ரிசீவரின் காலியான சானலில் போடுவேன். பேட்டரி முனையில் அளப்பவர்களோடு எனக்கு எப்போதும் வாக்குவாதம்தான். வழியில் தொலைவது எவ்வளவு என்று தெரிய, சாப்பிடும் இடத்தில்தான் அளக்கவேண்டும். பிறகு ஒருவர் இரண்டு ஸ்டிக்கையும் மூலைக்கு மூலை வெறி பிடித்ததுபோல் ஆட்ட, இன்னொருவர் சர்வோ கைகளைக் கையால் தடுத்துப் பாரம் கொடுக்க, நான் திரையில் அடிமட்டக் கோட்டைப் பார்ப்பேன். எட்டு வோல்ட் எந்திரத்தில் அந்தக் கோடு 6.5-க்குக் கீழே இறங்கினால் நான் பறக்க அனுமதிப்பதில்லை. இந்த எண் எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் பட்டறையின் சட்டம் அது.

இறங்கினால் குற்றவாளி பெரும்பாலும் கம்பியும் பிளக்கும். சர்வோவுக்கு வரும் 22 கேஜ் கம்பியின் தடை மீட்டருக்கு 0.053 ஓம். போக வர இருபது இருபது சென்டிமீட்டர் என்றால் 10 ஆம்பியரில் 0.2 வோல்ட் அங்கேயே போகும். பிளக்கின் தொடுமுனையும் சுவிட்சும் சேர்ந்து இன்னும் பிடுங்கும். மெல்லிய சர்வோ பிளக் ஒன்றின் வழியாக முழு எந்திரத்துக்கும் சோறு போடக் கூடாது. குறைந்தது இரண்டு பிளக் வழியாக, ரிசீவரின் இரு முனைகளிலும் மின்சாரம் ஏறவேண்டும்.

எங்கள் பகுதிக்கு இதில் தனிச் சோதனை உண்டு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை காற்றில் எப்போதும் உப்பு. வெறும் செம்புக் கம்பியின் இழைகள் ரப்பருக்குள்ளேயே கறுத்துப்போகும். வெளியே பார்த்தால் புதுக் கம்பி, உரித்தால் சால்டர் ஒட்டாது. வெள்ளீயம் பூசிய இழையுள்ள சிலிக்கோன் கம்பியும் தங்கமுலாம் பிளக்கும் மட்டுமே வாங்குகிறேன். ரிச்சி தெருவில் கடைக்காரர்கள் என்னைப் பார்த்ததும் கத்தியை எடுத்துக் கொடுப்பார்கள், நான் முனையை உரித்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். எண்ணூரிலிருந்து வரும் எந்திரங்களில் அனல் மின் நிலையச் சாம்பலும் இருக்கும். அதில் இரும்புத் துகள் கலந்திருப்பதால் மோட்டார் காந்தத்தில் பூச்சுபோல ஒட்டிக்கொள்ளும். தூரிகையால் போகாது, ஒட்டும் டேப்பை வைத்து வைத்து எடுக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் எல்லாச் சர்க்யூட் பலகைக்கும் ஒரு பூச்சு அடித்துவிடுவது வழக்கம்.

இங்கே பறக்கவிடுவது கிடையாது. துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, மின் நிலையம் சூழ்ந்த இடம் இது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளுக்குப் பிறகு அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சை காட்டும் இடத்துக்குத்தான் போகிறோம், பெரும்பாலும் பொன்னேரி தாண்டி வற்றிய ஏரிப் படுகைகள்.

சரி, என்னதான் கட்டிக் கொடுக்கிறேன்? காசும் எடையும் இடம் கொடுத்தால் ஆப்டோ இ.எஸ்.சி., அதோடு இரண்டு செல் லிப்போ கட்டுகள் இரண்டு. ஒவ்வொன்றும் தனித்தனிக் கம்பியில் ஏறும். ஒன்று செத்தால் இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகாதபடி நடுவே டையோடு, அல்லது டையோடு வேலையைச் செய்யும் மாஸ்ஃபெட். இரண்டு செல் லிப்போவை நேராகத் தாங்கும் ஹெச்.வி. (உயர் வோல்ட்) சர்வோக்கள் வந்தபின் இடையில் ரெகுலேட்டரே வேண்டாம். இழக்க ஒரு பாகம் குறைந்தது. இதனால் கூடும் எடை நூறு நூற்றைம்பது கிராம். போட்டிக்குப் பறப்பவர்கள் அதற்கே முகம் சுளிப்பார்கள்.

அவர்களின் எதிர்வாதத்தில் எடையைவிட வலுவானது ஒன்று உண்டு, அதை நான் ஒதுக்கமுடியாது. பெரிய பேட்டரியை ஒவ்வொரு பறத்தலுக்கும் மாற்றியே ஆகவேண்டும், சின்னப் பேட்டரியை மறந்துவிடலாம். சார்ஜ் போட மறந்த ரிசீவர் பேட்டரியால் விழுந்த எந்திரங்களும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அப்படி மறக்கக்கூடியவர் என்று எனக்குப் பட்டால் நல்ல பி.இ.சி.யைப் போட்டு, அதன் பின்னால் சின்ன இரண்டு செல் காப்புப் பேட்டரியையும் வைத்துவிடுவேன். பி.இ.சி. விழுந்தால் காப்பு ஏறும், விளக்கு கண் சிமிட்டும், பைலட் இறக்கிவிடலாம். ஷார்ட்டாகி 44 வோல்ட் இறங்கும் ஆபத்து மிச்சமிருக்கிறது என்பதை எழுதிக் கொடுத்துவிடுவேன். சூப்பர் கெப்பாசிட்டர் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 10 ஃபாரட் மூன்றை வரிசையில் போட்டால் 3.3 ஃபாரட். 8 வோல்ட்டிலிருந்து 5-க்கு இறங்கும்வரை அது தருவது 64 ஜூல். பதினைந்து வாட்டுக்கு நான்கு நொடி. பள்ளத்தை நிரப்ப அது அருமை. உயரத்திலிருந்து தரைக்கு வர அது பற்றாது.

சுவிட்சைப் பற்றி ஒன்று. தள்ளி மூடும் சின்னச் சுவிட்ச் அதிர்வில் உள்ளே தேயும். செருகிய குச்சியை உருவினால் ஆன் ஆகும் எலக்ட்ரானிக் சுவிட்சே நல்லது. அதன் கம்பி அறுந்தாலும் ஆனாகவே நிற்கும். கோளாறு வந்தால் எந்தப் பக்கம் சாயவேண்டும் என்பதை முன்கூட்டியே யோசித்த ஒருவர் அதை வடிவமைத்திருக்கிறார். அவருக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த யு.ஏ.வி. சேலஞ்ச் போட்டியில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா அணி இரண்டாமிடம் வந்தது. ஹெலிகாப்டர் பறத்தலில் கைதேர்ந்த நடிகர் அஜித்குமார் அவர்களுக்கு ஆலோசகராக இருந்ததால் செய்தி ஊரெங்கும் பரவியது. அதிலிருந்து பட்டறைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வருவது கூடிவிட்டது. இப்போது அவர்கள் கொண்டுவருவது ஹெலிகாப்டர் இல்லை, ஆறு மோட்டார் வைத்த பெரிய மருந்து தெளிக்கும் ட்ரோன். அதே 12 செல், அதே 44 வோல்ட். ஆனால் இதில் ஆட்டோரொட்டேஷன் கிடையாது. நிலையான கோணப் பிளேடு, மின்சாரம் போனால் கல்லாக விழும். மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தரும் அரசுத் திட்டம் வந்தபின் வயல்வெளியில் இவற்றின் அருகே நிற்பவர்களின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டிருக்கிறது. சான்று பெற்ற ட்ரோனில் நான் கை வைக்கக் கூடாது, வைப்பதில்லை. பிள்ளைகள் தாங்களே கட்டுவதில் மட்டும்தான் என் வேலை. அவர்கள் வாங்கும் ஃப்ளைட் கன்ட்ரோலரில் மின்சாரம் ஏற இரண்டு வாசல் இருக்கும். ஒன்றில் கம்பி இருக்கும், மற்றது திறந்தபடி கிடக்கும். "அது எதுக்கு சார்?" என்று போன வாரம் ஒரு மாணவி கேட்டார். ஆசிலாஸ்கோப்பை எடுத்து மேசையில் வைத்தேன். சாயங்காலம் வரை நேரம் போனது. இரண்டாவது வாசலுக்குத் தனி பேட்டரியோடு திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.